ரசத்தைப் பாராட்டிய தில்லைநாயகம்

"அவரே எழுதியிருக்காரு, ரசம் நல்லா இருந்துச்சுன்னு. இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?"

"கோமளா, அந்த அவரு நான்தான்டி."

"நீங்களா? நீங்க என்னைக்கு ரசத்தப் பத்தி வாயத் தொறந்தீங்க? அவரு எழுதுறாரு, 'மிளகு கொஞ்சம் தூக்கல்தான், ஆனா தொண்டையில எறங்கறப்ப ஒரு ஆறுதல்'னு. ஆறுதல்ங்கற வார்த்த உங்க வாயில வந்து நான் கேட்டதே இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். நான் எழுதல!"

"நானும் அதத்தான் சொல்றேன். உங்களுக்கு அதெல்லாம் வராது."

எங்கள் அடுக்ககத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சமையலறைகளின் புகைபோக்கி விசிறி இரண்டும் ஒரே சந்தில்தான் திறக்கும். காலை ஏழு மணிக்கு நான் சௌசௌ நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காது அங்கே இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கேட்கக் கேட்கக் கத்தி நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சண்டைக்கு விதை போட்டவன் நான்.

என் பெயர் ஆரோக்கியராஜ். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை. இருபது வருஷத்துக்கு மேலாக வலைப்பதிவு எழுதுகிறேன், அதன் பெயரும் 'ஜெராக்ஸ் கடை'தான். நடை கிடை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சண்டை போட்டவர்கள் தில்லைநாயகம் சாரும் அவர் மனைவி கோமளவல்லி அக்காவும். சார் ரயில்வே ஸ்டேஷன் விசாரணை ஜன்னலில் வேலை பார்த்தவர், போன வருஷம் ரிட்டையர். நாள் முழுக்க எந்த ரயில், எந்த பிளாட்பாரம், எத்தனை மணி என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் வார்த்தை மிச்சம் இருக்காது. அக்கா ஒன்று கேட்டால் "ம்". இரண்டு கேட்டால் "ம்ம்". அவரும் ஒரு காலத்தில் 'விசாரணை ஜன்னல்' என்று வலைப்பதிவு எழுதினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்போது எல்லாரும்தான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

திரட்டி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். பிடித்த வலைத்தளத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது. ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்ட வேண்டாம், யார் புதிதாக எழுதினாலும் நம்மிடம் வந்து நிற்கும். நான் முந்நூற்றுப் பதினொரு தளம் சேர்த்து வைத்திருந்தேன். அதில் இருநூற்றுத் தொண்ணூறு பேர் எழுதுவதை நிறுத்தியாயிற்று. காலையில் திறந்தால் 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று வரும். அதைத் தினமும் படிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அப்படி இருக்கும்போதுதான், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், 'ஜீவத்திரட்டி' வந்தது. ஓய்ந்துபோன ஓடைகளை, அதாவது ஒருவர் எழுதிவந்த பதிவு வரிசைகளை, அது தானே நிரப்பும். எழுதுவதை நிறுத்தியவர் இன்று எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கண்டுபிடித்து, அவர் நடையிலேயே எழுதி, அவர் பெயரிலேயே கொண்டுவந்து தரும். எரிவாயு சிலிண்டர் பதிவு செய்யும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' என்கிற கட்டத்தைத் தொடுவோமே, வீட்டில் நடப்பதைக் கவனிக்கிற அனுமதியெல்லாம் அதிலேயே வாங்கிவிட்டார்களாம்.

ஒரே வாரத்தில் இருநூற்றுத் தொண்ணூறு பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள். எனக்குக் கொண்டாட்டம். ஒரு கவிஞர் இருந்தார், எழுதுவதை நிறுத்தியதுதான் அவர் தமிழுக்குச் செய்த ஒரே நல்ல காரியம், அவரும் வந்துவிட்டார். எங்கள் அடுக்ககச் செயலாளர் நாச்சிமுத்து என்றைக்கோ நாலு நாள் யோகா செய்துவிட்டு யோகா பற்றிப் பதிவு எழுதியவர். இப்போது அவர் ஓடையில் தினமும் சிரசாசனம். குடியிருப்போர் கூட்டத்தில் செய்து காட்டச் சொன்னார்கள். மனிதர் மறுக்க வெட்கப்பட்டுத் தலைகீழாக நின்றார். கழுத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறபோது அவர் ஓடையில், 'தலைகீழாக நிற்க நிற்கக் கழுத்து பூப்போல் ஆகிறது' என்று வந்தது. அதற்கும் முப்பது பேர் 'அருமை' போட்டார்கள். நானும் போட்டேன்.

என் மகள் ஜெனிட்டா ஐதராபாத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, "முட்டி வலி சுத்தமா போயிடுச்சுன்னு பாத்தேன்பா, சந்தோஷம்" என்றாள். எனக்கு முட்டி வலி போகவில்லை. வேறு யாருடைய பதிவையோ குழப்பிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சரி, கோமளா அக்காவுக்கு வருகிறேன். ஒரு நாள் கரண்ட் பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், "நம்ம வீட்டுக்காரரு ஏதோ எழுதுவாரு, அது இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். நான்தான் அவர் போனில் ஜீவத்திரட்டியைப் போட்டு, 'விசாரணை ஜன்னல்' ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன். தினம் காலை ஆறரைக்குப் பதிவு வரும். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அக்கா பதினாறு நாள் படித்தார். பதினேழாம் நாள் அவருக்கு வீட்டில் இரண்டு தில்லைநாயகம்.

ஓடையில் இருந்தவர் காப்பியை விட்டுவிட்டதாக எழுதினார். சாருக்கு வீட்டில் காப்பி நின்றது. "எழுதிட்டு இப்ப கேட்டா எப்படி?" என்றார் அக்கா. மனிதர் என் கடைக்கு வந்து பக்கத்து டீக்கடையில் சொல்லிக் குடிப்பார். ஓடையில் இருந்தவர் அதிரசத்துக்கு ஏங்கினார். அக்கா இரண்டு நாள் பாகு பதம் பார்த்து அதிரசம் சுட்டார். சாருக்குச் சர்க்கரை இருநூற்றைம்பது. "நான் ஏங்கவே இல்லடி" என்று சொல்லிப்பார்த்து, அக்கா முகத்தைப் பார்த்து, மூன்று சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். மறுநாள் ஓடையில் வந்தது, 'அவள் சுட்ட அதிரசத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை, அதுதான் என் பதில்.' அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினார்.

"முப்பது வருஷம் தம்பி. முப்பது வருஷமா இந்தாளு தட்ட நவுத்தி வெச்சிட்டு எழுந்து போயிருவாரு. அவரப் பாருங்க, எப்படிக் கவனிக்கிறாரு."

"அக்கா, அது மெஷினு."

"இது மட்டும் என்னவாம்?" என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

ரசச் சண்டை வந்தது வியாழக்கிழமை. நான் சௌசௌவோடு நின்றுகொண்டிருக்கும்போதே அது முற்றியது.

"போனக் குடு. அத அழிச்சுட்டுத்தான் மறுவேல."

"அவர் மேல கைய வெச்சுப் பாருங்க!"

"ஏண்டி, என்னைய நான் அழிக்கக்கூடாதா?"

"நாளைக்கு நான் பாண்டிச்சேரிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அவரோட."

"எந்த அவரோட?"

"உங்களோடதான். ஆனா நீங்க வேணாம்."

அதற்கப்புறம் பெட்டியை இழுக்கிற சத்தம் மட்டும் சந்தில் வந்தது.

பத்து மணிக்குத் தில்லை சார் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஆரோக்கியம், நான் எழுதியே காட்டறேன். நிஜமான நான். எடு உன் கம்ப்யூட்டர."

கடவுச்சொல் ஞாபகம் இருந்தது அவருக்கு. கோமளா, ஒன்று, இரண்டு, மூன்று. நெடுநேரம் ஒற்றை விரலால் தட்டினார். நாலே வரி:

'கோமளா. நான்தான் எழுதறேன். ரசம் நல்லா இருந்தது. போகாதே.'

வெளியிட்டோம். அரை நிமிஷத்தில் ஜீவத்திரட்டி அதைத் தூக்கிப் 'போலி' என்கிற பெட்டியில் போட்டுவிட்டது. கீழே குறிப்பு: 'தில்லைநாயகம் இப்படி எழுதமாட்டார்.'

சார் அதை இரண்டு தடவை படித்தார். "அது சரிதான்" என்றார் மெதுவாக.

வாடிக்கையாளர் உதவிக்கு அடித்தேன். தேன்மொழி என்று ஒரு பெண் எடுத்தாள். நல்ல பொறுமை. போனை எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"சார், அவர் பதிவு சராசரியா நானூறு வார்த்தை வரும். ரயில் உவமை ஒண்ணாவது இருக்கும். நீங்க போட்டதுல நடைப் பொருத்தம் முப்பத்தொரு சதவீதம்தான். அதனால போலின்னு எடுத்துக்கும்."

"அம்மா, அவரே இங்க உக்காந்திருக்காரும்மா."

"இருக்கலாம் சார். ஆனா எங்க பதிவேட்டுல அவரோட ஓடை நல்லாப் போயிட்டிருக்கே."

சார் குனிந்து போனுக்கு அருகில் வந்தார். "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். ரசம் குடிச்சது நான். அது எனக்கு ஆறுதலா இருந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "மிக்ஸி மிளகுக்காகப் பதினோரு செகண்டு ஓடியிருக்கு சார். வழக்கமா ஆறுதான். அன்னிக்கு உங்க இருமல் மருந்து டப்பா தொறக்கவே இல்ல. பதினெட்டு நாள்ல அது ஒரு நாள்தான். அதவெச்சு எழுதியிருக்கு."

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அது நெசந்தான்" என்றார். "அன்னிக்கு இருமலே இல்ல."

நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "நிப்பாட்ட வழியே இல்லையாம்மா?"

"இருக்கு சார். ஒரு ஓடை ஓய்ஞ்சுதா இல்லையாங்கறத எழுதுறவங்கள வெச்சு நாங்க முடிவு பண்றதில்ல. படிக்கிறவங்கள வெச்சுத்தான். கடைசியா போட்ட பதிவுக்கு மூணு நாளுக்குள்ள ஒரு உண்மையான மறுமொழி வந்தா, அந்த ஓடைக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். இல்லன்னா நிரப்பிடுவோம். இப்பக்கூட அவர் கடைசியா எழுதுன நிஜப் பதிவுக்கு யாராவது ஒருத்தர் படிச்சு மறுமொழி போட்டாப் போதும், நிரப்பறது நின்னுடும்."

"அதுல ஒரு பின்னூட்டம் இருக்கே. இப்பப் பாக்கறேன், ஒண்ணுன்னு காட்டுது."

"அது மறுமொழி இல்ல சார், மொய்."

புதிய ஆட்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்து வலைப்பதிவில் இது ஒரு சடங்கு. கல்யாணத்தில் நீ எனக்கு மொய் வைத்தால் நான் உனக்கு வைப்பேன் இல்லையா, அதேதான். நான் உன் பதிவில் பின்னூட்டம் போடுவேன், நீ என் பதிவுக்கு வந்து போட வேண்டும். படிக்க வேண்டியதில்லை. 'மீ த பர்ஸ்ட்டு' என்று முதல் ஆளாகப் போட்டால் அது தனிப் பெருமை. நான் அதில் பெரிய கை. ஒரு மணி நேரத்தில் நாற்பது வீட்டுக்கு மொய் எழுதுவேன்.

தில்லை சாரின் கடைசிப் பதிவைத் திறந்தேன். கீழே ஒரே ஒரு பின்னூட்டம்.

'மீ த பர்ஸ்ட்டு! கலக்கல் பதிவு தல! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. நம்ம கடைப்பக்கமும் வாங்க. ஜெராக்ஸ் கடை ஆரோக்கியராஜ்.'

அப்புறம்தான் மேலே போய்ப் பதிவைப் படித்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

கோமளா அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்றைக்கு எழுதியது அது. அவர்களுக்குக் குழந்தை இல்லை, இனி இல்லை என்று ஆன நாள். நர்ஸ் வெளியே வந்து, 'உள்ள போயி ரெண்டு வார்த்தை பேசுங்க, அழுவறாங்க' என்றாளாம். சார் எழுதியிருந்தார்: 'ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குப் பதில் சொல்கிறவன் நான். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எட்டேகால் பாசஞ்சர் நாற்பது நிமிஷம் லேட்டு என்று சொன்னேன். என் வாயில் அதுதான் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.'

நான் மறுபடி கீழே இறங்கி என் பின்னூட்டத்தைப் பார்த்தேன்.

"நீ அத படிக்கவே இல்லல்ல?" என்றார் சார்.

"இல்ல சார்."

"நான் அன்னிக்கு மூணு தடவ ஸ்டேஷன் பக்கத்து நெட் சென்டருக்குப் போயிப் பாத்தேன். யாராவது சொல்லியிருப்பாங்க, போயி அவகிட்ட சொல்லிரலாம்னு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்து மறுமொழி எழுத ஆரம்பித்தேன். நாலு தடவை அடித்தேன், நாலு தடவை அழித்தேன். ஆதார் அட்டை ஜெராக்ஸுக்கு வந்தவர்களையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். கடைசியில் இவ்வளவுதான் வந்தது:

'தில்லை சார், அன்றைக்கு நான் படிக்காமலே பின்னூட்டம் போட்டேன். இன்றைக்குத்தான் படித்தேன். மன்னித்துவிடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் நாற்பது நிமிஷம் லேட்டு என்று நீங்கள் சொன்னது, எனக்கு வேறு என்னமோ சொன்ன மாதிரிதான் கேட்டது.'

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று, 'மறுமொழி ஏற்கப்பட்டது. நிரப்புதல் நிறுத்தப்படுகிறது' என்று வந்தது. சார் அந்த ஆறிய டீயை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு என் வீட்டு அழைப்புமணியை யாரோ விடாமல் அடித்தார்கள். கோமளா அக்கா. கையில் போன், பின்னால் பெட்டி. பாண்டிச்சேரிக்குக் கிளம்ப நல்ல புடவை கட்டியாயிற்று.

"அவர என்ன பண்ணீங்க தம்பி? ஆறரை ஆயிப் பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. வரல. அவரு ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல."

"இனிமே வரமாட்டாருக்கா."

"கொன்னுட்டீங்களா?"

அவர் கேட்ட விதத்தில் எனக்குக் கொலை செய்தது போலவே இருந்தது. முகம் அப்படி வெளுத்திருந்தது. அவருக்கு அது மெஷின் இல்லை. காலையில் ஆறரைக்கு ஒருவர் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார், இப்போது இல்லை. இதை நான் யோசித்திருக்கவே இல்லை.

"ஒண்ணு வந்திருக்கே பாருங்க" என்றேன். புதிய மறுமொழி வந்ததால் அந்தப் பழைய பதிவு ஓடையில் மேலே வந்து நின்றிருந்தது. "அத மட்டும் படிங்கக்கா. படிச்சிட்டு பஸ் ஏறுங்க. இது நெசமாவே அவரு எழுதுனது. உங்க வீட்ல இருக்காரே, அந்த அவரு."

வாசலிலேயே நின்று படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பெட்டியை என் வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.

நான் சமையலறைக்குப் போனேன். இந்தத் தடவை ஒட்டுத்தான் கேட்டேன்.

முதலில் அக்காவின் குரல் வந்தது.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் லேட்டுன்னீங்க?"

"நாப்பது நிமிஷம்."

"அப்புறம் வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டாவது பிளாட்பாரம்."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம்.

"அந்த ரசம்?"

"மெளகு தூக்கல்தான்."

"அது தெரியும். அப்புறம்?"

சார் தொண்டையைக் கனைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"அன்னிக்கு இருமல் வரல" என்றார்.

"ம்" என்றார் அக்கா.

காப்பிக்குப் பால் பொங்குகிற வாசனை சந்து வழியாக வந்தது. பெட்டியை நானே கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அன்றைக்குக் கடைக்குப் போனதும் ஒரு சந்தேகம் வந்து என் சொந்த ஓடையைத் திறந்து பார்த்தேன். நான் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுகிறவன். கடந்த ஒரு வருஷத்தில் மட்டும் முந்நூற்று ஐம்பது பதிவு இருந்தது. தினமும் நடக்கிறேனாம். முட்டி வலி போய்விட்டதாம். தனியாக இருப்பது ஒரு சுகமாம். ஒவ்வொன்றுக்கும் கீழே 'அருமை', 'தொடருங்கள்', 'மீ த பர்ஸ்ட்டு'. நான் கைப்பட எழுதிய பதினெட்டும் 'போலி' பெட்டியில் கிடந்தன.

தேன்மொழிக்கு மறுபடி போன் செய்தேன். "உங்க ஓடை ஓய்ஞ்சு பதினாலு மாசம் ஆச்சே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

இப்போது யோசித்துப் பார்த்தால், ஜெனிட்டா ஒரு வருஷமாக 'எப்படிப்பா இருக்கே' என்று என்னிடம் கேட்டதே இல்லை. தினமும் படிக்கிறாள், அவளுக்கு ஏன் கேட்கத் தோன்றும்? இந்த ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்து, முட்டி வலிக்கிறது என்றேன். "இல்லப்பா, போயிடுச்சே" என்றாள். நேற்றைய பதிவை எனக்கே படித்துக் காட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த இன்னொரு ஆரோக்கியராஜ் என்னைவிட நன்றாக எழுதுகிறான்.

இந்தப் பதிவும் நேராகப் 'போலி' பெட்டிக்குத்தான் போகும். யாராவது அந்தப் பெட்டியைத் திறந்து, பொறுமையாக இதுவரைக்கும் படித்திருந்தால், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு மூன்று நாள் இருக்கிறது. 'அருமை' என்று போடாதீர்கள். முதல் ஆளாக வர வேண்டும் என்று ஓடி வராதீர்கள். தில்லை சார் கேட்டாரே, கட்டில் பக்கத்தில் நிற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று, அதற்குப் பதில் தெரிந்தால் கீழே எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். அதுவும் போதும்.